காக்கிக்குள்ள இருக்கிற ஆளு

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசைல பாதிப் பேர் போலீஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்து வந்த அம்மாக்கள், அதனால சுத்தி வளைக்காம பேசிடறேன்.

உங்க ஏரியால உங்க வீட்டுக்காரர் பேரு எத்தன பேருக்குத் தெரியும்? ஏட்டய்யா, எஸ்.ஐ. சார், அவ்ளோதான். கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட பேச்சு சட்டுனு மாறிடும், பழைய கூட்டாளியே ரெண்டு சேர் தள்ளி உக்காருவான். ஸ்டேஷன்ல எவன் என்ன சொன்னாலும் பொய்யா இருக்குமோன்னு கேட்டுக் கேட்டுப் பழகினவரு, டியூஷன் முடிஞ்சு பத்து நிமிஷம் லேட்டா வந்த சொந்தப் புள்ளையையும் அதே குரல்லதான் விசாரிப்பாரு. பிறவிக் குணம் இல்லங்க, வேல பழக்கினது, ஆனா நடுங்குறது உங்க புள்ள.

ஸ்டேஷன்ல அவரு நெலம வேற. மேலதிகாரி வாய்க்கு வந்தபடி திட்டினாலும் விறைப்பா நின்னு "எஸ் ஐயா"ங்கணும், அடுத்த நிமிஷம் ரோட்டுல வந்து அதிகாரமா பேசணும், முழுங்கினதெல்லாம் எங்கயாவது வெளிய வரத்தான செய்யும். லாக்கப் அடிக்கு வக்காலத்தான்னு கேக்காதீங்க. சாத்தான்குளத்துல 2020-ல போலீஸ் காவல்ல அப்பனும் மகனும் செத்ததுக்கு மன அழுத்தம்னு காரணம் சொன்னா அது அயோக்கியத்தனம்.

விஷயம் தூக்கத்துலயும் லீவுலயும்தான் இருக்கு. போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டு பணியகம் 2014-ல நாடு முழுக்க எடுத்த ஆய்வுல, ஸ்டேஷன்ல வேல பாக்குறவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல தினம் 8 மணி நேரத்தத் தாண்டி வேல பாத்திருக்காங்க, கிட்டத்தட்ட முக்காவாசிப் பேருக்கு மாசத்துல ஒரு வார ஓய்வு கூட இல்ல. தமிழ்நாட்டுல 2021-ல வார ஓய்வுக்கு அரசாணையே வந்துச்சு, சந்தோஷம், ஆனா திருவிழா, விஐபி, எலெக்‌ஷன்னு பந்தோபஸ்து வந்துட்டா அந்த ஆஃப் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சங்கம் வச்சுக் கேக்கலாம்னா 1966-ல போட்ட சட்டம் அனுமதி இல்லாம சேரவே விடாது.

பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் கூட சேந்து 2018-ல தமிழ்நாடு போலீஸ்ல நலவாழ்வுப் பயிற்சி ஆரம்பிச்சாங்க, அத நான் குறை சொல்ல மாட்டேன். மூச்சுப் பயிற்சி கத்துக்கிட்டு வந்தவர அன்னிக்கு ராத்திரியே பாரா டியூட்டிக்குப் போட்டா என்ன பிரயோஜனம், அதுதான் என் கேள்வி.

2023-ல கோயம்புத்தூர் சரக டி.ஐ.ஜி. தற்கொல பண்ணிக்கிட்டாரு. டிப்ரஷனுக்கு சிகிச்ச எடுத்துட்டு இருந்தார்னு உயரதிகாரிங்களே அப்புறம் சொன்னாங்க. அவ்ளோ பெரிய பதவில இருந்தவருக்கே இப்படின்னா, "ஐயா, ராத்திரில தூக்கம் வரல"ன்னு கீழ்ப் படில இருக்கிற ஒரு கிரேட் டூ காவலர் யார்கிட்ட போய் சொல்லுவாரு? சொன்னா டியூட்டிக்கு டிமிக்கி குடுக்குறான்னு பேரு, இல்லன்னா லூசுன்னு பேரு.

அதனால வீட்ல கவனிக்க வேண்டியது நீங்கதான்மா. தொடர்ந்து தூக்கம் இல்ல, குடி கூடிருச்சு, "நான் இல்லன்னா நீங்க நல்லா இருப்பீங்க"ன்னு பேச்சு வருதுன்னா தள்ளிப் போடாதீங்க. 14416, டெலி மானஸ்னு மனநல உதவி போன் நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க, அது சுகாதாரத்துறை நடத்துறது, போலீஸ் டிபார்ட்மென்ட் இல்ல.

இப்ப கேள்வி கேக்கலாம், மைக் பெண்கள் பக்கம் போகட்டும். வீட்டுக்காரர் பேரையோ ஸ்டேஷன் பேரையோ சொல்லாம கேளுங்க, பின்னாடி சில ஐயாக்களும் உக்காந்திருக்காங்க.