எகிறுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது?

அவையோரே, மொராக்கோ கால்பந்து வீரர் யூசுப் என்-நெசிரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2.78 மீட்டர்தான். 2022 டிசம்பர் 10 அன்று தோஹாவின் அல் துமாமா அரங்கில் உலகக் கோப்பைக் காலிறுதி நடந்தது. 42ஆம் நிமிடத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் தலையால் முட்டிய பந்து அந்த உயரத்தில் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. கோலின் குறுக்குக் கம்பமே 2.44 மீட்டர்தான்! அந்த ஒரே கோலில்தான் ஆப்பிரிக்க அணி ஒன்று முதன்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்தது.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். போர்ச்சுகல் கோல்கீப்பர் தியோகோ கோஸ்டா கைகளை உயர்த்தி எகிறினால் எந்தத் தலையையும் தாண்டிவிடுவார். அதனால் பந்திடம் முந்திப் போய்ச் சேர வேண்டும். இடப்பக்கத்திலிருந்து சக வீரர் அத்தியாத் அல்லா பந்தைத் தூக்கிப் போட்டார். கோஸ்டா அதைப் பிடிக்க முன்னேறி வந்தார். அவர் கை எட்டுவதற்குள், போர்ச்சுகல் தற்காப்பாளர் ரூபன் தியாஸும் தடுக்க முடியாதபடி, நெசிரியின் நெற்றி பட்டுவிட்டது.

நின்ற இடத்தில் குதித்தால் அந்த உயரம் வராது. ஓடி வந்து ஒற்றைக் காலில் உந்த வேண்டும். ஓட்டத்தின் வேகம்தான் உயரமாக மாறுகிறது. காற்றில் இருக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. சற்று முன்னால் எகிறிவிட்டால், இறங்கும்போதுதான் பந்து வந்து சேரும், முட்டில் வலு இருக்காது. தாமதித்தால் பந்து உச்சந்தலையில் பட்டுக் கம்பத்துக்கு மேலே போய்விடும்.

1997இல் ஃபெஸ் நகரில் பிறந்தவர், ஆறாம் முகமது கால்பந்து அகாடமியில் வளர்ந்தவர். மொராக்கோ அணியின் அக்வெர்டும் உனாஹியும் அங்கிருந்து வந்தவர்கள்தான். மலாகா, லெகானெஸ் கிளப்புகளில் ஆடிவிட்டு, 2020 ஜனவரியில் ஸ்பெயினின் செவில்லா கிளப்புக்குப் போனார். 2020-21 பருவத்தில் ஸ்பெயின் லீகில் 18 கோல்கள். அடுத்த பருவத்தில் தொடைத் தசைக் காயம் அவரை முடக்கியது. ஓட்டத்தை நம்பி எகிறுகிற வீரருக்குத் தொடைத் தசைதானே முதலீடு! கத்தார் உலகக் கோப்பைக்கு அவரை ஏன் கூட்டிப் போகிறார்கள் என்று மொராக்கோ ரசிகர்களே முணுமுணுத்தார்கள். பயிற்சியாளர் வலீத் ரெக்ராகுய் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் தலையால் மட்டும் ஆடுபவர் என்பது பாதி உண்மை. அதே உலகக் கோப்பையில் கனடாவுக்கு எதிரான கோலைப் பாருங்கள். சக வீரர் ஹக்கீமியின் நீண்ட பந்துக்கு இரு தற்காப்பாளர்களுக்கு நடுவே ஓடிக் காலால் அடித்தது. 2018இல் ஸ்பெயினுக்கு எதிராக அடித்ததோ, கார்னர் பந்தில் தலைமுட்டு. இரண்டு உலகக் கோப்பைகளில் கோல் போட்ட முதல் மொராக்கோ வீரர் இவர்தான். ஐரோப்பிய கிளப்புகளுக்கான 2023 யூரோப்பா லீக் காலிறுதியில் செவில்லாவுக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அடித்த இரண்டு கோல்களும் எதிரணி தடுமாறியபோது கிடைத்தவை. அப்படிப்பட்ட தடுமாற்றத்துக்காகவே தற்காப்பாளர்களை விடாமல் துரத்துகிறவர் அவர். அந்தக் கோப்பையையும் செவில்லாவே வென்றது.

2024இல் துருக்கியின் ஃபெனர்பாச்சேக்குப் போனபோது விலை சுமார் 2 கோடி யூரோ. பக்கவாட்டிலிருந்து கோல் முன்னே பந்தைத் தூக்கிப் போடும் நல்ல கிராஸ் தராத அணியில் அவரைப் போட்டால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண்தான்.