நன்கொடை கேட்டு ஒரு போன்

நேயர்களுக்கு வணக்கம்.

நன்கொடை கேட்டு வரும் போன் அழைப்புகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது விற்க வருகிற அழைப்பென்றால் நமக்குக் கூச்சமே கிடையாது. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுவோம். எதிர்முனையில் ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சை என்று ஆரம்பித்துவிட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மறுத்தால் கல்நெஞ்சக்காரர் ஆகிவிடுவோமோ என்று ஒரு பயம். இரக்கத்தைவிட இந்தப் பயத்தை நம்பித்தான் பல அழைப்புகள் வருகின்றன என்பது என் கட்சி.

எப்படி என்று சொல்கிறேன். போனை எடுத்து ஹலோ என்கிறீர்கள். சில விநாடி சத்தமே இல்லை. பெரிய அழைப்பு மையங்களில் ஒரு கணினி பல எண்களை ஒரே நேரத்தில் கூப்பிடும். எடுத்தவரோடு, அப்போது சும்மா இருக்கிற ஊழியரை இணைக்கும். அந்த இடைவெளிதான் அது. அதற்குள் வைத்துவிட்டால் யார் மனமும் புண்படாது. அந்தப் பக்கம் இன்னும் ஆளே வரவில்லையே!

சரி, ஆள் வந்துவிட்டார். முதல் கேள்வி என்ன? “எப்படி இருக்கீங்க?” நீங்களும் “நல்லா இருக்கேன்” என்கிறீர்கள். இந்தக் கேள்வியை அலட்சியமாக நினைக்காதீர்கள். டேனியல் ஹோவர்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் இதைப் போனிலேயே சோதித்துப் பார்த்து, 1990இல் முடிவை வெளியிட்டார். பசித்தவர்களுக்கு உதவுகிற ஒரு குழுவுக்காக பிஸ்கட் விற்க உங்கள் வீட்டுக்கு ஆள் வரலாமா என்று கேட்டார்கள். நேராக விஷயத்துக்கு வந்தபோது 100 பேரில் 18 பேர் சரி என்றார்கள். முதலில் “இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டு, பதில் வந்த பிறகு விஷயத்தைச் சொன்னபோது 32 பேர். மற்றதெல்லாம் அதே வார்த்தைகள்! நான் நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு, நன்றாக இல்லாதவருக்கு உதவ மாட்டேன் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்ல வாய் வருவதில்லை.

இன்னொன்று. “உங்களால் முடிந்தது போதும் சார், ஒரு ரூபாய்கூட உதவும்.” கேட்டிருப்பீர்கள். 1976இல் சியால்டினி, ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்தார்கள், வீடு வீடாகப் போய். ஒரு சல்லிக்காசுகூட உதவும் என்ற ஒரு வரியைச் சேர்த்ததும், கொடுத்தவர்கள் 29 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் ஆனார்கள். ஆனால் யாரும் சல்லிக்காசு கொடுக்கவில்லை, வழக்கமான தொகையைத்தான் கொடுத்தார்கள். முடியாது என்பதற்கான காரணத்தைப் பிடுங்கிவிட்டால் போதும், அவ்வளவுதான்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காரணம் சொல்லாதீர்கள். இப்போது கையில் பணமில்லை என்றால், சம்பளத் தேதி என்ன என்று கேட்பார்கள். வேலையாக இருக்கிறேன் என்றால், மாலையில் கூப்பிடவா என்பார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் முன்னால் இருக்கிற தாளில் ஒரு பதில் உண்டு. பதில் இல்லாதது ஒன்றுதான்: “போனில் கேட்டு நான் யாருக்கும் கொடுப்பதில்லை. என் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வணக்கம்.” கோபம் வேண்டாம். அவரும் சம்பளத்துக்குப் பேசுகிறவர்தான்.

சம்பளம் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. வியட்நாம் போரில் பங்கேற்ற முன்னாள் வீரர்களுக்காக என்று அமெரிக்காவில் போனில் வசூல் நடந்தது. அழைத்தது அந்த அமைப்பு இல்லை, அது அமர்த்திய ஒரு கம்பெனி. ஒப்பந்தப்படி 100 டாலர் வந்தால் 85 டாலர் கம்பெனிக்கு! பெரும்பகுதி வீரர்களுக்கே போகிறது என்று கொடுத்தவர்களிடம் சொன்னார்கள் என்பது இல்லினாய்ஸ் மாநிலத்தின் புகார். 2003இல் உச்ச நீதிமன்றம், பொய் சொல்லி வசூலித்தால் மோசடி வழக்குப் போடலாம் என்றது. ஆனால் அதே நீதிமன்றம் 1988இலேயே, தங்கள் பங்கு இவ்வளவு என்று எடுத்த எடுப்பில் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்லியிருந்தது. ஆக, கேட்க வேண்டியது நாம்தான். “நீங்கள் அந்த அமைப்பின் ஊழியரா, அமர்த்தப்பட்ட கம்பெனியின் ஊழியரா? உங்கள் கம்பெனிக்கு எவ்வளவு?” கொடுக்க மனமிருந்தால் இதைக் கேளுங்கள், வைத்துவிடுங்கள், அப்புறம் அந்த அமைப்பின் முகவரியை நீங்களே தேடி நேராக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் அழைத்த கம்பெனிக்குப் பங்கு போவதில்லை.

அழைப்பு வேண்டாம் என்று அரசிடம் பதிந்தாலே போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் தொண்டு அமைப்புகளுக்கு விலக்கு. ஆனால் அமர்த்தப்பட்ட கம்பெனியிடம், இந்த அமைப்புக்காக இனி என்னைக் கூப்பிடாதே என்று நீங்கள் வாயால் சொன்னால் அது கட்டுப்பட வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான் கடைசியாக விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக, ஒருமுறை கொடுத்தவரின் எண்ணைத்தான் மறுபடி மறுபடி அழைப்பார்கள்; அதனால் “போனில் கேட்டு நான் யாருக்கும் கொடுப்பதில்லை” என்ற அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் வாசிக்கக் கூடாது, உண்மையான அமைப்பாகவே இருந்தாலும். மாதாமாதம் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டிருந்தால் வங்கியில் சொல்லி நிறுத்தலாம். அதற்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை... இல்லை, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.