பாதிக் கதை, 150 சொல், 25 மதிப்பெண்: சீன மாணவர்கள் ஆங்கில வாசிப்பும் எழுத்தும் பழகும் முறை

[திரையில்: 150 மதிப்பெண் – 120 நிமிடம்]

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு காவ்காவ் என்று பெயர். வழக்கமாக ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும். ஆங்கிலத் தாள் 8-ஆம் தேதி பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை. அந்தத் தாளுக்காக மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் வாசிப்பையும் எழுத்தையும் எப்படிப் பழக வேண்டும் என்பதுதான் இந்த வீடியோ. சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் பேனாவும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெய்ஜிங், ஷாங்காய் போன்ற இடங்களில் தனி வினாத்தாள். நாம் பார்க்கப்போவது பல மாகாணங்களுக்குப் பொதுவான புதிய தேசியத் தாள்.

[திரையில்: கேட்டல் 30 – வாசிப்பு 50 – மொழிப் பயன்பாடு 30 – எழுத்து 40]

வாசிப்பில் நான்கு பகுதிகளும் 15 கேள்விகளும் உண்டு, கேள்விக்கு 2.5 மதிப்பெண். கூடவே ஏழு வாக்கியங்களில் ஐந்தை எடுத்துக் காலி இடங்களில் பொருத்தும் பகுதிக்கு 12.5. மொழிப் பயன்பாட்டில் கோடிட்ட இடம் நிரப்புவதற்கு 15, இலக்கணத்துக்கு 15. எழுத்தில் இரண்டு கேள்விகள். முதலாவது சுமார் 80 சொல்லில் ஒரு கடிதமோ அறிவிப்போ, 15 மதிப்பெண். இரண்டாவதுதான் இந்த வீடியோவின் மையம். சுமார் 350 சொல் நீளமுள்ள ஒரு கதை கொடுத்துப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியம் மட்டும் இருக்கும். மிச்சத்தை மாணவர் சுமார் 150 சொல்லில் எழுதி முடிக்க வேண்டும். 25 மதிப்பெண்.

இந்தக் கேள்வி 2016 அக்டோபரில் செஜியாங் மாகாணத் தேர்வில் முதலில் வந்தது. அதற்கு முன் தேசியத் தாள்களில் பிழை திருத்தத்துக்கு 10, கட்டுரைக்கு 25 என்று இருந்தது. கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கொட்டிவிடலாம். பாதிக் கதையை அப்படி முடிக்க முடியாது. படித்தது சரியாகப் புரியவில்லை என்றால் அழகான ஆங்கிலம் எழுதியும் மதிப்பெண் விழாது. குவாங்தொங் அயல்மொழிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் சூமிங் இந்தப் பயிற்சியை விரிவாக ஆராய்ந்தவர். கதையைத் தொடர்கிறவர் மூலத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அதன் சொற்களையும் வாக்கிய அமைப்பையும் தன் எழுத்துக்குள் கொண்டுவருகிறார் என்பதே அவர் வாதத்தின் சாரம். அதனால் வாசிப்புக்கு ஒரு நாள், எழுத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துப் பழகுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முதலில் வாசிப்பு. 2017-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டம் சுமார் 3,000 சொற்களை எதிர்பார்க்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் பட்டியலை வைத்து, ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். பாதி வழிக்கு இது போதும். ஆனால் 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று மட்டும் தெரிந்தவர், ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்தார்கள் என்று வரும்போது நின்றுவிடுவார். தேர்வு இப்படித் தெரிந்த சொல்லின் தெரியாத பொருளைத்தான் அடிக்கடி கேட்கிறது. எனவே நோட்டில் சொல்லைத் தனியாக எழுத வேண்டாம். அது வந்த வாக்கியத்தையே முழுசாக எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும்.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை நீள வாக்கியம்.

[திரையில்: த டாக் தட் த ஃபார்மர் ஹூ லிவ்ஸ் நியர் த ரிவர் சோல்ட் லாஸ்ட் வீக் கேம் பேக்.]

இந்த வாக்கியத்தில் முதன்மை வினை எது? பல மாணவர்கள் 'சோல்ட்' என்பார்கள், சிலர் 'லிவ்ஸ்' என்பார்கள். சரியான விடை 'கேம்'. சீன மொழியில் பெயரை விளக்கும் பகுதி முழுவதும் பெயருக்கு முன்னால் வரும். தமிழிலும் அப்படித்தான்: ஆற்றோரம் குடியிருக்கும் விவசாயி போன வாரம் விற்ற நாய் திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நாய் முதலில் வந்து நிற்கும், விளக்கம் பின்னால் வால்போல நீளும். கண் அந்த நீளத்திலேயே தொலைந்துபோகிறது.

பழகும் முறை இது. பென்சிலால் 'தட்', 'ஹூ', 'விச்' தொடங்கும் இடத்தில் ஓர் அடைப்புக்குறி திறக்க வேண்டும். அந்தப் பகுதிக்குரிய வினை முடிந்ததும் மூட வேண்டும். உள்ளே இன்னொன்று இருந்தால் அதற்குத் தனி அடைப்பு. எல்லாம் போட்டபின் வெளியே மிஞ்சும் வினைதான் முதன்மை வினை. 'த டாக் கேம் பேக்.' படித்த பகுதியில் இருந்து தினமும் இரண்டு வாக்கியம் செய்தால் போதும். வாக்கியத்தைச் சீனத்தில் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பு நேரத்தைத் தின்னும், தேர்வு அறையில் அதற்கு இடமில்லை.

நான்கு பகுதிகளில் முதலாவது பெரும்பாலும் விளம்பரம், அட்டவணை, அறிவிப்பு மாதிரியான தகவல் துண்டு. கேள்வியைப் படித்துவிட்டுப் பகுதியில் தேடினாலே விடை கிடைக்கும். கடைசிப் பகுதி பெரும்பாலும் அறிவியல் அல்லது ஆய்வு சார்ந்தது. அங்கே பத்திக்கு ஒரு வரிச் சுருக்கத்தை ஓரத்தில் கிறுக்கிக்கொண்டே போக வேண்டும், ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இனி எழுத்து. 80 சொல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 'நீ லி ஹுவா என்று வைத்துக்கொள்' என்று வினாத்தாள் தொடங்கும். லி ஹுவா பல ஆண்டுகளாக வெளிநாட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்! என்னென்ன எழுத வேண்டும் என்று கேள்வியிலேயே குறிப்புகள் இருக்கும். அதில் ஒன்று விட்டுப்போனால் இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மேல் தரம் கிடைக்காது. முதல் வாக்கியத்திலேயே ஏன் எழுதுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். 12 முதல் 15 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

தொடர்ந்து எழுதும் கேள்விக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டின் புதிய தேசிய முதல் தாளில் வந்த கதையை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: டேவிட் – வயது 10 – குறுக்கு நில ஓட்டம்]

ஏழு தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் ஓட்டப் போட்டிக்குக் கூடியிருக்கிறார்கள். அடர்ந்த காட்டுக்குள் ஓடும் பாதை. டேவிட்டுக்கு மூளை தொடர்பான நோய், மற்ற பிள்ளைகளைப் போல நடக்கவோ ஓடவோ முடியாது. ஆனாலும் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. எல்லோரும் முடித்து வெகுநேரம் கழித்துத்தான் முடிப்பான், ஆனால் முடித்துவிடுவான். இன்று வேலி ஓரமாகத் தனியே நிற்கிறான். வழக்கமான பல் தெரியும் சிரிப்பைக் காணோம். வேறு பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று பயந்த பயிற்சியாளர், ஓடுவதா வேண்டாமா என்பதை அவனிடமே விட்டுவிட்டார். கதையைச் சொல்வது ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர். அவன் விரும்பினால் ஓடலாம் என்று அவர் உறுதி செய்துகொண்டு திரும்ப, உடல் பக்கத்துக்குப் பக்கம் ஆட டேவிட் அவரை நோக்கி வருகிறான். அங்கே கதை நிற்கிறது.

கொடுக்கப்பட்ட முதல் வாக்கியத்தின் கருத்து: இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், டேவிட் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் பத்தியின் தொடக்கம்: மற்ற ஓட்டக்காரர்களோடு டேவிட் தொடக்கக் கோட்டுக்கு நகர்வதைப் பார்த்தேன்.

மாணவர் உடனே முதல் பத்தியை எழுத ஆரம்பிக்கக் கூடாது. இரண்டாம் பத்தியின் தொடக்கத்தை முதலில் பாருங்கள். அங்கே டேவிட் கோட்டுக்குப் போய்விட்டான். அப்படியென்றால், ஓடுவது என்ற முடிவை முதல் பத்தி முடிவதற்குள் அவன் எடுத்தாக வேண்டும். முதல் பத்தியின் வேலை இதுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் பிள்ளையை எழுந்து நிற்க வைப்பது. இந்தக் கணக்கைப் போடாதவர்கள் முதல் பத்தியிலேயே போட்டியையும் நடத்திவிட்டு, இரண்டாம் பத்தியில் எழுத ஒன்றுமில்லாமல் திணறுவார்கள்.

எதைச் சொல்லி எழுப்புவது? 'டோன்ட் ஒரி, யூ கேன் டூ இட்' என்று எல்லா மாணவரும் எழுதுவார்கள். அது எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனால்தான் இந்தக் கதைக்கு அது பலவீனம். கதையில் இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பயிற்சியைக்கூட விடாதவன் என்ற செய்தி அங்கேயே இருக்கிறதே! ஆசிரியர் அதை நினைவூட்டினால் போதும். பயிற்சியாளர் கெட்டவர் என்று திட்ட வைக்கவும் கூடாது. அவர் நல்லெண்ணத்தில் செய்தார் என்று கதையே சொல்லிவிட்டது. டேவிட்டின் அம்மா திடீரென்று வந்து கட்டிப்பிடிப்பதும் வேண்டாம். 150 சொல்லில் புது ஆளுக்கு இடமில்லை.

இரண்டாம் பத்தியில் விழும் பெரிய குழி, டேவிட் முதலாவதாக வருவது. எப்போதும் கடைசியாக முடிப்பவன் என்று எழுதிய கதையை அது உடைத்துவிடுகிறது. இன்னொரு குழி கண்ணுக்குத் தெரியாது. கதை சொல்பவர் ஆசிரியர், அவர் கோட்டருகே நிற்கிறார். காட்டுக்குள் டேவிட் விழுந்து எழுந்து, மனசுக்குள் என்ன நினைத்தான் என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்? ஆசிரியரைக் கூடவே நடக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும்: மற்றவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், பாதை வெறிச்சோடுகிறது, கடைசியில் மரங்களுக்கு நடுவே பக்கத்துக்குப் பக்கம் ஆடும் ஒரு சின்ன உருவம். அந்த ஆட்டம் மூலக் கதையில் ஏற்கெனவே வந்த சொல். அதை மறுபடி எடுத்தால் மொழியும் சரியாக இருக்கும், கதையும் ஒட்டும். பல் தெரியும் சிரிப்பையும் இங்கேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

[திரையில்: டேவிட் வாஸ் வெரி சேட். / டேவிட் கெப்ட் புல்லிங் அட் த கிராஸ்.]

இரண்டு வாக்கியமும் ஒரே மனநிலை. முதலாவது உணர்ச்சிக்குப் பெயர் வைக்கிறது. இரண்டாவதில் கை புல்லைப் பிடுங்குகிறது, வாசிக்கிறவருக்கு மற்றது புரிந்துவிடுகிறது. பத்திக்கு இப்படி இரண்டு வாக்கியம் வந்தால் நல்லது, எல்லா வாக்கியமும் இப்படி இருந்தால் கதை நகராது. கண்ணீர், இதயத்துடிப்பு என்று பயிற்சிப் புத்தகங்களில் வரும் அலங்கார வாக்கியங்களை மனப்பாடம் செய்து ஒட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே வாக்கியத்தை நூறு விடைத்தாளில் பார்த்த திருத்துநர் அதற்கு அசரமாட்டார்.

மதிப்பீடு பார்ப்பவை மூன்று. எழுதிய உள்ளடக்கம் முழுமையாக, மூலத்தோடு ஒத்துப்போகிறதா? சொல்லும் இலக்கணமும் சரியாக, பலவிதமாக இருக்கின்றனவா? முன்னும் பின்னும் தொடர்ச்சி இருக்கிறதா? ஐந்து தரங்கள் உண்டு. 21 முதல் 25 வரை மேல்தரம், 16 முதல் 20 அடுத்தது.

பிழைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சிவப்பில் குறித்தால் மாணவர் எதையும் திருத்தமாட்டார். நான்கைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஒன்று, காலம். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறாது, அதனால் 'செட்' (சொன்னான்) என்று தொடங்கியவர் மூன்றாம் வாக்கியத்தில் 'சே' (சொல்) என்று சறுக்குவார். இரண்டு, 'ஹீ'யும் 'ஷீ'யும். சீனத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு 'தா' தான், எழுத்தில் மட்டும் வேறு. மூன்று, 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்', 'பிகாஸ்' போட்ட வாக்கியத்தில் 'ஸோ'. சீனத்தில் இப்படி இரட்டையாக வருவது இயல்பு. நான்கு, காற்புள்ளி. முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போவது சீனத்தில் தவறில்லை, ஆங்கிலத்தில் தவறு.

ஒரு வாரத்துக்கு ஒரு பிழைதான். இந்த வாரம் காலம் என்றால், மாணவர் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினையையும் அடிக்கோடிட்டு அது மட்டும் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு அதே பத்திகளைத் திரும்ப எழுத வேண்டும். புதுக் கதை எழுதுவதைவிட இந்த இரண்டாவது பிரதிதான் அதிகம் கற்றுத்தரும், ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் அதற்குத்தான் நேரம் ஒதுக்குவதில்லை.

பயிற்சிக்குக் கதை எங்கே கிடைக்கும்? கோடிட்ட இடம் நிரப்பும் பகுதிகளே பெரும்பாலும் கதைகள்தாம். இடங்களை நிரப்பியபின் கடைசிப் பத்தியைத் தாளால் மூடி, அதை மாணவரே எழுதட்டும். பிறகு திறந்து ஒப்பிடட்டும். மேல்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் ஒரே பத்தி, 60 சொல், நேரக் கட்டுப்பாடு இல்லை. இரண்டாம் ஆண்டில் இரண்டு பத்தி. மூன்றாம் ஆண்டில் கடிகாரம் வைத்து: படிக்கவும் துப்பு குறிக்கவும் 6 நிமிடம், திட்டத்துக்கு 4, எழுத 17, சரிபார்க்க 3. பத்திக்கு 70 முதல் 80 சொல், அதாவது ஆறேழு வாக்கியம். முதல் பத்தி 110 சொல் ஆகிவிட்டால் இரண்டாவது குறுகி, முடிவு அவசரத்தில் விழும்.

கையெழுத்தையும் கவனியுங்கள். விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில்தான் திருத்துகிறார்கள். 0.5 மில்லிமீட்டர் கருப்புப் பேனா, சம உயரத்தில் தனித்தனி எழுத்துகள், சொற்களுக்கிடையே ஒரே இடைவெளி. ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷூய் பள்ளியின் பெயராலேயே அறியப்படும் உருண்டை எழுத்தைப் பல பள்ளிகள் பழக்குகின்றன. அச்சு மாதிரி அழகு வேண்டும் என்பதில்லை, தெளிவு போதும். தவறான சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்தால் போதும், கிறுக்கி மறைக்க வேண்டாம். விடைத்தாளில் அச்சிட்டிருக்கும் கருப்புக் கட்டத்துக்கு வெளியே போன எழுத்து திருத்துநர் திரைக்கு வராது. ஆகவே பயிற்சியையும் தேர்வுத் தாள் அளவிலேயே கட்டம் போட்ட காகிதத்தில் செய்யச் சொல்லுங்கள். தன் கையெழுத்தில் 150 சொல் எத்தனை வரி பிடிக்கும் என்று மாணவருக்குத் தெரிந்திருந்தால், தேர்வு அறையில் சொற்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.