காண்டாமிருகம் ஏன் குட்டி போடல? வனவிலங்குப் பூங்காவுல தலைமைப் பொறுப்புன்னா என்ன வேலை

[திரையில: மேயுற வெள்ளைக் காண்டாமிருகக் கூட்டம்]

வணக்கம் மக்களே. ஒரு புதிரோட ஆரம்பிக்கலாம். அமெரிக்காவுல சாண்டியாகோ பக்கத்துல ஒரு பெரிய வனவிலங்குப் பூங்கா இருக்கு, 1972ல மக்களுக்குத் தொறந்தாங்க, அதுக்காக ஆப்பிரிக்காவுல இருந்து வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொண்டுவந்து விட்டாங்க, அதுங்களும் குட்டி மேல குட்டியா போட்டு நல்லா பெருகுச்சு. சரி, அந்தக் குட்டிங்க வளந்துச்சு, இப்ப அதுங்க போடணும்ல? பெரும்பாலும் போடல. காட்டுல பொறந்து வந்த அம்மா போட்டுச்சு, பூங்காவுல பொறந்த மக போடல. மத்த பூங்காக்கள்லயும் இதே கதைதான். ஸ்ட்ரெஸ்ஸா, ஜோடி சரியில்லையான்னு என்னென்னமோ யோசிச்சாங்க, கடைசில சந்தேகம் போய் நின்ன எடம் எது தெரியுமா, தீவன மூட்டை.

சோயாவும், குதிரை மசால்னு சொல்றோமே அந்த அல்ஃபால்ஃபாவும் சேத்த தீவனம் அது. இந்தச் செடிங்கள்ல பெண் ஹார்மோன் மாதிரியே வேலை செய்யுற பொருள் இருக்கு, ஃபைட்டோஈஸ்ட்ரோஜன்னு பேரு. காண்டாமிருகத்தோட ஹார்மோன் ஏற்பிகளை, அதாவது செல்லுல ஹார்மோன் வந்து ஒட்டுற எடத்தை, அது தூண்டி விடுதுன்னு லேப்ல பாத்தாங்க. அம்மா வளந்ததுக்கு அப்பறம்தான் இதைத் தின்னுச்சு, மகளுக்கோ வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சிருச்சு. தீவனத்தை மாத்துனாங்க, அதுவரைக்கும் குட்டியே போடாத பெண்கள்ல சிலது போட்டுச்சு.

இந்தக் கதைய ஏன் மொதல்ல சொல்றேன்னா, வனவிலங்குப் பூங்காவுல விலங்குப் பராமரிப்புக்குத் தலைமைன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் குடுக்கறதுதான். நெஜத்துல அந்த ஆள் விலங்கைத் தொடறதே அபூர்வம். தீவன ஆர்டர், விலங்கைத் தினம் பாத்துக்கற கீப்பர்களோட டைரி, டாக்டரோட ரிப்போர்ட், எந்த விலங்கு எந்த நாட்டுக்குப் போகணும்ங்கற மெயில், இதுக்கு நடுவுலதான் அவரு பொழுது போகுது. இதுல பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. பராமரிப்புங்கறது விலங்கை மனுஷன் பக்கம் இழுக்குற வேலை, பழக்கணும், நம்ப வைக்கணும், கைல வாங்கித் திங்க வைக்கணும். காட்டுக்குத் திருப்பி அனுப்புறதுக்காக வளக்குறதுன்னு வந்தா அது நேர் எதிர், மனுஷனக் கண்டா ஓடணும். ரெண்டுக்கும் ஒரே ஆள்தான் தலைமை.

மொதல்ல பராமரிப்பு.

[திரையில: காலைல கீப்பர்கள் கூண்டு கூண்டா சுத்திப் பாக்குற காட்சி]

விலங்குக்கு நோய் வந்தா அது வெளிய காட்டிக்காது. காட்டுல நொண்டுனா அடுத்த வேட்டை நீதான், அதனால கடைசி வரைக்கும் ஒண்ணும் இல்லாத மாதிரியே நிக்கும். நம்ம கண்ணுக்கு தெரியும்போது பாதி கதை முடிஞ்சிருக்கும். அதனால கீப்பர் தினம் எழுதற சின்னச் சின்ன விஷயம்தான் எல்லாமே: நேத்து மிச்சம் வெச்ச தீனி எவ்ளோ, சாணி எப்டி, எடை எவ்ளோ, வழக்கமா மொதல்ல வந்து நிக்கிறது இன்னிக்கு ஏன் ரெண்டாவதா வந்துச்சு. "சார் ஏதோ சரியில்ல, என்னன்னு சொல்லத் தெரியல"ன்னு ஒரு கீப்பர் வந்து சொன்னா அதைக் காதுல வாங்குற தலைமைதான் நல்ல தலைமைன்னு நான் சொல்லுவேன், ஏன்னா தினம் ஆறு மணி நேரம் அந்த விலங்கைப் பாக்குறது டாக்டர் இல்ல, அவருதான்.

சாணின்னு சொன்னேன்ல, அதுல ஒரு வேடிக்கை இருக்கு. சாணில இருந்தே ஹார்மோன் பாக்கலாம், சினையா இல்லையா, மன அழுத்தம் இருக்கான்னு, ஊசி குத்த வேண்டியதே இல்ல. ஆனா ஒரே எடத்துல நாலு விலங்கு இருந்தா எது யாரோடதுன்னு எப்டிக் கண்டுபிடிக்கறது? தீனில விஷமில்லாத ஜிகினாத்தூள கலந்து குடுத்துருவாங்க, ஒண்ணுக்குப் பச்சை, ஒண்ணுக்கு நீலம். மறுநாள் மின்னுற சாணியப் பொறுக்கி டப்பால போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

தீனி விஷயத்துல இன்னொரு உதாரணம் கொரில்லா. ரொம்ப வருஷமா சத்து எல்லாம் அடைச்ச பிஸ்கட்தான் அதுங்களுக்கு முக்கிய சாப்பாடு. பூங்கா ஆண் கொரில்லாக்களுக்கு இதய நோய் அதிகம். அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் பூங்காவுல பிஸ்கட்ட நிறுத்திட்டு கீரையும் இலையும் கூடை கூடையா குடுத்துப் பாத்தாங்க, முன்னவிட நிறைய தின்னுச்சு, ஆனா எடை குறைஞ்சுச்சு. முக்கியமா நாளோட பெரும்பகுதி தின்னுறதுலயே போச்சு, காட்டுல இருக்குற மாதிரியே. பிஸ்கட்ட பத்து நிமிஷத்துல முழுங்கிட்டு மிச்ச நாள் பூரா சும்மா உக்காந்திருந்தா என்ன ஆகும், நமக்கே தெரியும்ல.

தீனில தப்பு நடந்தா எவ்ளோ தூரம் போகும்ங்கறதுக்கும் ஒண்ணு. 2004ல தாய்லாந்துல ஒரு எடத்துல புலிங்களுக்குப் பறவைக் காய்ச்சல் வந்த கோழிய பச்சையா போட்டுட்டாங்க, செத்ததும் பரவாம இருக்கக் கொன்னதும் சேத்து 140க்கு மேல. புலிக்கு அந்தக் காய்ச்சல் வரும்னு அதுவரைக்கும் பெருசா யாரும் நினைக்கல. அதுக்குத்தான் தீனி எங்க இருந்து வருதுன்னு பாக்குறது, புது விலங்கைத் தனியா வைக்கறது, பூட்ஸ மருந்துத் தண்ணில முக்கறது எல்லாம். பாக்க போர் அடிக்கும், ஆனா விட்டா போச்சு.

[திரையில: கம்பி வலைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற சிங்கம், வால் மட்டும் இந்தப் பக்கம்]

இப்ப ட்ரெயினிங். இதை சர்க்கஸோட குழப்பிக்காதீங்க. சிங்கத்துகிட்ட ரத்தம் எடுக்கணும்னா முன்னாடி மயக்க ஊசிதான், ஒவ்வொரு தடவையும் ரிஸ்க். ஒட்டகச்சிவிங்கின்னா இன்னும் மோசம், அவ்ளோ நீளக் கழுத்து, ரத்த அழுத்தமும் அதிகம், விழுந்து கழுத்து மடங்குனாலோ வயித்துல இருக்குறது மூச்சுக்குழாய்க்குள்ள போனாலோ முடிஞ்சுது. இப்ப பல எடத்துல சிங்கம் தானா வந்து கம்பி ஓரமா படுக்கும், வாலை எடுத்து ஊசி குத்துவாங்க, அது பாட்டுக்கு கறி தின்னுட்டு இருக்கும். ஒட்டகச்சிவிங்கி குளம்பத் தூக்கிக் கட்டை மேல வெச்சுக் காட்டும், அரத்தால ராவுவாங்க. இதுல ஒரே விதி, அதுக்குப் புடிக்கலன்னா எழுந்து போயிரலாம், போனா திட்டும் இல்ல அடியும் இல்ல. மாசக் கணக்குல ஆகும். தலைமைல இருக்குறவரு அந்த மாசக் கணக்கைப் பொறுத்துக்கணும், "இன்னும் முடியலையா"ன்னு கீப்பரைப் போட்டு நெருக்குனா அவரு விலங்கை நெருக்குவாரு, அப்பறம் அது கிட்டயே வராது.

நல்லா இருக்கான்னு அளக்க இப்ப பெரும்பாலும் பயன்படுத்துறது ஐந்து களம்ங்கற முறை, 1994ல நியூசிலாந்துல இருந்து வந்தது. தீனி, சூழல், உடம்பு, நடத்தை, இந்த நாலும் சேந்து அஞ்சாவதான மனநிலைய எப்டி வைக்குதுன்னு பாக்கும். இதுல நான் முக்கியமா நினைக்கறது, ஒளிஞ்சுக்க எடம் இருக்கா, உள்ள வெளியன்னு அதுவா முடிவு பண்ண முடியுதா. டிக்கெட் வாங்குனவங்களுக்கு சிறுத்தை தெரியலன்னா கோவம் வரும். வரட்டும். அந்தக் கோவத்தை வாங்கிக்கறதும் தலைமையோட வேலைதான்.

பாதுகாப்பு ட்ரில் பத்தி ஒரு வரி மட்டும்: ஜப்பான்ல சில பூங்காவுல ஊழியர் ஒருத்தர் விலங்கு வேஷம் போட்டுக்கிட்டு ஓடுவாரு, மத்தவங்க வலை போட்டுப் புடிப்பாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா சீரியஸான ட்ரில் அது, எந்தக் கதவு ஒழுங்கா சாத்தலன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

[திரையில: வம்சாவளிப் படம், கோடு கோடா]

இப்ப இனப்பெருக்கத்துக்கு வருவோம், இங்கதான் ஜனங்களுக்குக் கோவம் வர்ற முடிவெல்லாம் இருக்கு. ஐரோப்பியக் காட்டெருது 1920கள்ல காட்டுல ஒண்ணு கூட இல்லாம போச்சு, பூங்காக்கள்லயும் தனியார்கிட்டயும் ஐம்பது சொச்சம்தான் மிச்சம். இன்னிக்கு இருக்குற ஆயிரக்கணக்கானதும் அதுல வெறும் 12 விலங்கோட வாரிசு. யாரு யாருக்குப் பொறந்ததுன்னு 1932ல ஒரு வம்சாவளிப் பதிவேடு போட்டாங்க, ஸ்டட்புக்னு சொல்லுவாங்க. இன்னிக்குப் பல இனத்துக்கு அது இருக்கு. கல்யாணத் தரகர் ஜாதக நோட்டு மாதிரின்னு வெச்சுக்கங்க, ஒரே வித்தியாசம் இங்க பொருத்தம்னா சொந்தம் எவ்ளோ தூரமா இருக்கோ அவ்ளோ நல்லது. உங்க பூங்காவுல ஆணும் பெண்ணும் கொஞ்சிக்கிட்டு இருக்கும், பதிவேடு சொல்லும் "இவங்க ரெண்டு பேரு மரபணுவும் ஏற்கனவே நிறைய இருக்கு, வேணாம்"னு. பிரிக்கணும், இல்ல கருத்தடை வைக்கணும்.

குட்டி பொறந்தா கூட்டம் வரும், பேப்பர்ல போட்டோ வரும், அதனால போடட்டுமேன்னு எல்லாப் பக்கமும் பிரஷர் இருக்கும். ஆனா வளந்த அப்பறம் எடம் எங்க? 2014ல டென்மார்க்ல கோபன்ஹேகன் பூங்காவுல மாரியஸ்ங்கற ஒன்றரை வயசு ஒட்டகச்சிவிங்கிய, நல்ல ஆரோக்கியமா இருந்ததைக் கொன்னு, எல்லார் முன்னாடியும் அறுத்து சிங்கத்துக்குப் போட்டாங்க. அதோட மரபணு ஏற்கனவே நிறைய இருக்குங்கறதுதான் காரணம். உலகமே கொந்தளிச்சுச்சு. அந்தப் பூங்காவோட வாதம், காட்டுல மாதிரி பெத்து வளக்க விடறதும் விலங்கோட நலம்தான், மிச்சமானதைக் கொல்றதுதான் இதுக்கு வெலை. இன்னொரு பக்கம், மொதல்லயே பொறக்க விடாதீங்க, கருத்தடை பண்ணுங்கன்னு சொல்றாங்க, ஆனா அதுலயும் ரொம்ப நாள் வெச்சா பின்னாடி சினை பிடிக்காம போற ஆபத்து இருக்கு. என்னக் கேட்டா, கருத்தடை பக்கம்தான் நிப்பேன், ஆனா அதுல தப்பே இல்லன்னு சொல்லிக்க மாட்டேன்.

[திரையில: அகல எறக்கை விரிச்சுப் பறக்கற காண்டார்]

கடைசியா காட்டுக்கு விடறது. பிரேசில்ல தங்கச் சிங்கக் குரங்கு, சின்னதா செக்கச்செவேல்னு இருக்கும், 1984ல பூங்காவுல வளந்ததுங்களைக் காட்டுல விட்டாங்க. என்ன ஆச்சு? பூங்காவுல கம்பம் ஆடாது, காட்டுல கிளை ஆடும், அதுல தாவத் தெரியல. பழத்தைத் தேடி எடுக்கத் தெரியல, தினமும் தட்டுல வந்ததுதானே. முதல் கூட்டத்துல பெரும்பாலானது தாக்குப்பிடிக்கல. ஆனா தப்பிச்சதுங்க காட்டுலயே போட்ட குட்டிங்க சமாளிச்சுச்சு. பூங்காவுல நாம பாசமா பண்ணுன ஒவ்வொண்ணும் அங்க போய் ஊனமா நின்னுச்சுன்னு சொன்னா மிகை இல்ல.

கலிஃபோர்னியா காண்டார்னு ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு, அதோட கதை இதைவிட. 1987ல உலகத்துலயே 27தான் மிச்சம், காட்டுல இருந்த கடைசிப் பறவையையும் புடிச்சு உள்ள கொண்டு வந்துட்டாங்க, அதுக்கு அப்ப கடுமையான எதிர்ப்பு. இந்தப் பறவை ஒரு முட்டைதான் போடும், அதை எடுத்துட்டா இன்னொண்ணு போடும், அப்டி வேகத்தைக் கூட்டுனாங்க. குஞ்சுக்கு மனுஷ முகம் பழகிரக் கூடாதுன்னு கைல காண்டார் தலை பொம்மைய மாட்டிக்கிட்டு ஊட்டுனாங்க. 1992ல விட ஆரம்பிச்சாங்க. பொம்மைதான் ஊட்டுச்சு, ஆனா பெரிய பறவைங்க சொல்லித்தர்ற ஒழுக்கம் எதுவும் பொம்மைக்குத் தெரியாதே, விட்ட பறவைங்க கரண்டு கம்பத்துல உக்காந்து செத்துச்சு, ஜனங்க இருக்குற எடத்துக்கே வந்துச்சு. அப்பறம் விடறதுக்கு முன்னாடி கூண்டுக்குள்ளயே போலி கம்பம் நட்டு, உக்காந்தா லேசா ஷாக் அடிக்கிற மாதிரி வெச்சுப் பழக்குனாங்க, அனுபவமுள்ள பெரிய பறவை ஒண்ணை வாத்தியார் மாதிரி கூட வெச்சாங்க, பெத்ததுங்களே வளக்க விட்டாங்க.

இடையில ஒரு அதிசயம், பதிவேட்டுக்காக மரபணுவ சரி பாத்தப்ப ரெண்டு குஞ்சுக்கு அப்பாவே இல்லன்னு தெரிஞ்சுச்சு, அம்மாவோட மரபணு மட்டும்தான். இத்தனைக்கும் பக்கத்துலயே ஆண் இருந்துச்சு. 2021ல இதை வெளியிட்டாங்க. பேப்பர் வேலை போரடிக்குதுன்னு சொல்றவங்களுக்கு இதைச் சொல்லலாம்.

விட்டா மட்டும் போதாதுங்கறதுக்கு ஓமன் இருக்கு. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972ல காட்டுல அழிஞ்சுச்சு, பூங்கால வளத்து 1982ல திரும்ப விட்டாங்க, நல்லா பெருகுச்சு, அப்பறம் 90கள்ல கள்ள வேட்டை வந்து அள்ளிக்கிட்டு போச்சு, சரணாலயத்தோட பரப்பையும் பெருசா குறைச்சாங்க, 2007ல யுனெஸ்கோ அந்த எடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இருந்தே எடுத்துருச்சு, அப்டி எடுத்த மொத எடம் அதுதான். மத்த நாடுகள்லயும் விட்டதால இனம் தப்பிச்சுது. பூங்காவுல எவ்ளோ நல்லா வளத்தாலும் வெளிய காவலுக்கும் அங்க வாழுற ஜனங்களுக்கும் பணமும் நேரமும் போகலன்னா அந்த உழைப்பு துப்பாக்கிக்கு தீனிதான்.

காண்டார் இன்னிக்கு பூங்காவும் காடும் சேத்து 500க்கு மேல. ஆனா வேட்டைக்காரங்க சுட்டுப் போட்ட மிருகத்துல ஈயக் குண்டுத் துணுக்கு இருக்கும், அதைத் தின்னு விஷமேறி சாகுது. கலிஃபோர்னியால 2019ல இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதுன்னு சட்டம், ஆனா பறவைக்கு மாநில எல்லை தெரியாதே. அதனால காட்டுல சுதந்திரமா பறக்குற காண்டார்கள புடிச்சு ரத்தம் எடுத்துப் பாக்குறாங்க, ஈயம் அதிகமா இருந்தா திரும்ப பூங்காவுக்கே கொண்டு வந்து மருந்து ஏத்தறாங்க. மனுஷ முகமே தெரியாம வளத்த பறவை, அதே மனுஷன் கைல படுத்திருக்கும். ஈயம் குறைஞ்சதும் எறக்கைல அதே நம்பர் அட்டையோட மேல விடுவாங்க, சில நம்பர் மறுபடியும் வலைல வந்து நிக்கும்.