குழாய்க்கு வாடகை, குடத்துக்கும் காசு

(நுகர்வோர் கூட்டம் ஒன்றில் பேசியது. எழுத்தாக்கும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மாத டேட்டாவுக்கு வரம்பு வைத்து, இத்தனை ஜிபி என்று மீட்டர் போட்டுக் காசு வாங்குவது சரியா என்று பேச வந்திருக்கிறேன். சரியில்லை என்பது என் கட்சி. ஒரு குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குகிறேன். அன்று தேதி 19. "உங்கள் மாத டேட்டாவில் 75 சதவீதம் தீர்ந்துவிட்டது" என்று கைபேசியில் வந்து நிற்கிறது. மாதம் முடிய இன்னும் பதினோரு நாள். நான் அதற்கு முந்தைய வாரம் முழுக்க வெளியூரில் இருந்தேன். மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் யார் தீர்த்தது?

நான் செய்த முதல் காரியம், மகளைக் கூப்பிட்டு, "ராத்திரியெல்லாம் என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டது. "ஒன்றும் பார்க்கவில்லை அப்பா" என்றாள். நான் நம்பவில்லை. அவளும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ரூட்டருக்குள் நுழைந்து ஒவ்வொரு கருவியும் எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்த்தேன். மாதக்கணக்கில் யாரும் தொடாத ஒரு கணினி விளையாட்டு, நள்ளிரவுக்குப் பிறகு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 90 ஜிபி.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் விஷயம் அதோடு என் மனதை விட்டுப் போகவில்லை. மின்சார பில் அதிகமானால் "ஏசி ஓடியது" என்கிறோம். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. டேட்டா தீர்ந்தால் வீட்டில் இருக்கிற மனிதர்களைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்கிற ஜிஏஓ என்ற அமைப்பு, 2014இல் மக்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து இதைப் பற்றிப் பேசச் சொன்னது. இணையத்தில் கடைக்குப் போவது போன்ற சின்ன வேலைகளுக்கே நிறைய டேட்டா செலவாகும் என்று சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். என்ன வாங்குகிறோம், எவ்வளவு செலவழிக்கிறோம் என்றே தெரியாமல் காசு கொடுக்கிற பொருள் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்.

சரி, எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருவோம். "நிறையப் பயன்படுத்துகிறவன் நிறையக் கொடுக்கட்டும், இதில் என்ன அநியாயம்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்கு அப்படித்தான் கொடுக்கிறோம், மின்சாரத்துக்கும் அப்படித்தான். நானே வெகுநாள் இதை ஏற்றுக்கொண்டிருந்தேன்.

எங்கே இடறுகிறது என்றால், நான் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் தொட்டியில் ஒரு குடம் குறைகிறது. நான் ஒரு ஜிபி இறக்கினால் எந்தத் தொட்டியில் எது குறைகிறது? எதுவும் இல்லை. இணையத்தில் அளவோடு இருப்பது குழாயின் அகலம், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு டேட்டா ஓட முடியும் என்பது மட்டும்தான். மாலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்கார்ந்தால் அந்த அகலம் போதாமல் போகலாம். அதே குழாய் விடியற்காலை மூன்று மணிக்குக் காலியாகக் கிடக்கிறது. எங்கள் வீட்டு விளையாட்டு 90 ஜிபியை இழுத்தது அந்த நேரத்தில்தான். அதனால் யாருக்கு இடைஞ்சல்? ஆனால் மாத மீட்டருக்கு மூன்று மணியும் ஒன்றுதான், எட்டு மணியும் ஒன்றுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இணைய நிறுவனங்கள் தங்களுக்கு மேலே இருக்கிற பெரிய வலையமைப்புகளிடம் வாங்கும்போது பெரும்பாலும் ஜிபி கணக்கில் வாங்குவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேகத்தில் டேட்டா ஓடுகிறது என்று அளப்பார்கள். மாதக் கடைசியில் அந்த அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சியில் இருக்கிற 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்த அளவுக்குக் காசு கொடுப்பார்கள். இதற்கு 95ஆம் சதமானக் கணக்கு என்று பெயர். அதாவது, வாங்கும்போது குழாயின் அகலத்துக்குக் காசு. நமக்கு விற்கும்போது அகலத்துக்கு ஒரு காசு, குடத்துக்கு ஒரு காசு. "100 எம்பிபிஎஸ் பிளான்" என்று வேகத்துக்கு, அதாவது அகலத்துக்குத்தானே முதலில் பில் போடுகிறார்கள்? அதன் மேல் குடக்கணக்கு எதற்கு?

செல்பேசி வேறு கதை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கோபுரத்தைச் சுற்றி இருக்கிற எல்லோரும் ஒரே அலைவரிசையைப் பங்கிட வேண்டும். தரையில் கம்பி இழுப்பது போல அலைவரிசையை இழுத்துக்கொண்டே போக முடியாது. அங்கே நெருக்கடி உண்மையானது. ஆனாலும் அது கூட்டம் கூடுகிற நேரத்து நெருக்கடிதான், மாத மொத்தத்தின் நெருக்கடி இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அவர்கள் சொன்னதைக் கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் 2008 அக்டோபரில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 ஜிபி என்று வரம்பு வைத்தது. பிறகு 300 ஆனது, 2016இல் ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி ஆனது, 2020இல் 1.2 டிபி ஆனது. மீறினால் 50 ஜிபிக்கு 10 டாலர். நெரிசலைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. 2013இல் கேபிள் நிறுவனங்களின் சங்கத் தலைவர் மைக்கேல் பவல், இதை நெரிசல் பிரச்சினையாகப் பார்ப்பது தவறு, கம்பி இழுக்கப் போட்ட பெரும் செலவை எப்படி வசூலிப்பது என்பதுதான் விஷயம் என்று பொதுமேடையிலேயே சொல்லிவிட்டார். பவல் அதற்கு முன் எஃப்சிசி என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர். 2015இல் காம்காஸ்டின் வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்குக் கொடுத்த உள் குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. டேட்டா வரம்பு நெரிசலைச் சமாளிக்கத்தான் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள் என்று அதில் இருந்தது. "ஏனென்றால் அது உண்மையில்லை" என்கிற பொருளில் அடுத்த வரியும் இருந்தது.

இதை உலகமே பார்க்கும்படி சோதித்தது 2020 மார்ச். பெருந்தொற்று. வேலை, பள்ளி, மருத்துவரிடம் பேசுவது என்று எல்லாம் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டன. நெரிசல் என்று ஒன்று உண்டானால் அது வரவேண்டிய மாதம் அது. அந்த மாதத்தில்தான் காம்காஸ்டும் இன்னொரு பெரிய நிறுவனமான ஏடி அண்ட் டியும் வீட்டு இணைப்புகளுக்கு வரம்பைத் தற்காலிகமாக எடுத்தன. வலையமைப்பு விழவில்லை. கூட்டம் முண்டியடிக்கும்போது கதவைத் திறந்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு மறுபடி கதவை மூடுவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

இன்னொரு கணக்கும் உண்டு, எனக்குப் பிடித்தது. நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் என்று விளம்பரம் செய்து விற்கிற இணைப்பில் 1.2 டிபி வரம்பு என்று வையுங்கள். வேகத்தை பிட்டிலும் வரம்பை பைட்டிலும் சொல்கிறார்கள், எட்டு பிட் ஒரு பைட். விற்ற வேகத்திலேயே ஓட்டினால் அந்த வரம்பு 9,600 நொடியில் தீரும். இரண்டு மணி நாற்பது நிமிடம். மாதத்தில் மீதி நாட்களுக்கு?

இனி, மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

2009 ஏப்ரல். அமெரிக்காவின் இன்னொரு கேபிள் நிறுவனமான டைம் வார்னர் கேபிள், டெக்சஸில் பூமாண்ட் என்ற ஊரில் சோதித்துப் பார்த்த மீட்டர் கட்டணத்தை ராச்சஸ்டர், கிரீன்ஸ்பரோ, ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களுக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தது. பூமாண்டில் 5 ஜிபியில் தொடங்கி 40 ஜிபி வரை பிளான்கள், மேலே போனால் ஒரு ஜிபிக்கு ஒரு டாலர். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் கொஞ்சம் இறங்கி வந்து, கவலையில்லாமல் பயன்படுத்த மாதம் 150 டாலர் ஆகும் என்று ஒரு கணக்குச் சொன்னது. அது எரிகிற நெருப்பில் எண்ணெய். ராச்சஸ்டரில் எதிர்ப்பு வலுத்தது. அந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் செனட்டர் சக் ஷூமரும் உள்ளே வந்தார்கள். அந்த மாதம் 16ஆம் தேதியே நிறுவனம் பின்வாங்கியது.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது கனடாவைத்தான். அங்கே நடந்தது கொஞ்சம் நுட்பமானது. பெரிய நிறுவனங்களின் கம்பியை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, சிறு நிறுவனங்கள் தாராளமான பிளான்களை விற்றுவந்தன. அதில் ஒன்று டெக்சாவி. அவர்களுடைய சாதாரண வாடிக்கையாளருக்கு மாதம் 200 ஜிபி. பெரிய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு வைத்த மீட்டரையே இந்தச் சிறு நிறுவனங்களுக்கும் பொருத்தலாம் என்று தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துகிற சிஆர்டிசி ஆணையம் 2011 ஜனவரியில் அனுமதித்தது. உடனே டெக்சாவி, ஒன்டாரியோவில் தங்கள் 200 ஜிபி 25 ஆகப் போகிறது என்று அறிவித்தது. 25 ஜிபி என்றால் என்ன? உயர்தரத்தில் படம் பார்த்தால் ஒரு மணிக்குச் சுமார் 3 ஜிபி. எட்டு மணி நேரம். மாதம் முழுக்க.

அதுவரை "மொத்த விற்பனைக் கட்டணம்" என்ற சொல்லைக் கேட்டால் கொட்டாவி விட்டிருப்பார்கள். 200, 25 என்ற இரண்டு எண்கள் அதை மாற்றிவிட்டன. ஓப்பன்மீடியா என்ற அமைப்பு தொடங்கிய மனுவில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்தில், ஆணையம் முடிவை மாற்றாவிட்டால் அரசே மாற்றும் என்று தொழில்துறை அமைச்சர் டோனி கிளெமென்ட் சொல்லிவிட்டார். நவம்பரில் புதிய தீர்ப்பு வந்தது: சிறு நிறுவனங்கள் இனி குழாயின் அகலத்துக்கு ஏற்பக் காசு கொடுக்கலாம். பார்த்தீர்களா, கடைசியில் அகலத்துக்கே வந்து நின்றது! ஆனால் அந்த அகலத்துக்கு ஆணையம் வைத்த விலை ரொம்ப அதிகம் என்று அதற்கு அடுத்த சண்டை தொடங்கியது. அதற்குள் போனால் இன்று வீடு திரும்ப முடியாது.

ஹங்கேரியில் மீட்டர் வைக்கப் பார்த்தது அரசாங்கம். 2014இல் ஒரு ஜிபிக்கு 150 ஃபொரிண்ட் வரி. அக்டோபர் கடைசியில் புடாபெஸ்டில் பல்லாயிரம் பேர் கைபேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இரவில் ஊர்வலம் போனார்கள். மாதம் 700 ஃபொரிண்டுக்கு மேல் வாங்கமாட்டோம் என்று ஆட்சியாளர்கள் இறங்கிவந்து பார்த்தார்கள், செல்லவில்லை. 31ஆம் தேதி பிரதமர் ஓர்பான் அதைக் கைவிட்டார்.

இப்போது ஒரு கஷ்டமான கேள்வி. "மாதம் நாலு மின்னஞ்சல் பார்க்கிற பெரியவர், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற சினிமாவுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? மீட்டர் ஏழைகளுக்கு நல்லதுதானே?" நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு உண்மையிலேயே பில் குறைந்தால் நான் எதிர்க்கமாட்டேன். நடைமுறை என்ன சொல்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் பாருங்கள். 2016இல் "டேட்டா மஸ்ட் ஃபால்", அதாவது டேட்டா விலை இறங்கியாக வேண்டும் என்று மக்கள் குரல் எழுப்பினார்கள். போட்டி ஆணையம் விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. கையில் இருக்கிற சில்லறைக்குச் சின்னப் பொட்டலமாக டேட்டா வாங்குகிற ஏழைதான் ஒவ்வொரு எம்பிக்கும் மிக அதிகமாகக் கொடுக்கிறார் என்று அதில் இருந்தது. விலையை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க அங்குள்ள செல்பேசி நிறுவனங்களான வோடகாமையும் எம்டிஎன்னையும் ஆணையம் கேட்டது. 2020 ஏப்ரலில் வோடகாமின் 30 நாள் ஒரு ஜிபி 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது. வாங்கிய டேட்டா காலாவதியாகும் முன் அடுத்த காலத்துக்குக் கொண்டுபோகவோ இன்னொருவருக்கு மாற்றவோ வசதி தரவேண்டும் என்று 2019லேயே விதி வந்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் நள்ளிரவில் மாயமாகிறது என்ற கோபம்தான் அதற்குப் பின்னால் இருந்தது.

மீட்டரின் நம்பகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தராசுக்கு முத்திரை உண்டு, மின் மீட்டருக்குச் சோதனை உண்டு. டேட்டா மீட்டரை விற்கிறவரே வைத்து, விற்கிறவரே படித்து, விற்கிறவரே பில் போடுகிறார். ஜிபி என்பது ஆயிரத்தின் மடங்கா, 1024இன் மடங்கா என்பதிலேயே ஏழு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். நீங்கள் கேட்காமல் ஓடுகிற விளம்பர வீடியோவுக்கும் உங்கள் கணக்கில்தான் கழிக்கிறார்கள். ஆனால் அதே நிறுவனத்தின் சொந்த வீடியோ சேவைக்கு மட்டும் மீட்டர் கண்ணை மூடிக்கொள்ளும். 2012இல் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியில் பார்த்த காம்காஸ்டின் படங்கள் கணக்கில் சேரவில்லை, நெட்ஃபிளிக்ஸின் படங்கள் சேர்ந்தன. நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் வெளிப்படையாகவே சண்டைக்கு வந்தார்.

பேச்சுக்கு நடுவில் ஒரு அம்மா கையைத் தூக்கினார்கள். "வரம்பை எடுத்தால் எல்லோருக்கும் மாதக் கட்டணத்தை ஏற்றிவிடமாட்டார்களா?"

ஏற்றலாம், அம்மா. ஏற்றினால் அது விளம்பரத்திலேயே தெரியும். இரண்டு நிறுவனத்தின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாதக் கடைசியில் வருகிற 50 ஜிபி, 10 டாலரை அப்படி ஒப்பிட முடியாது. காம்காஸ்டே 2025இல் கொண்டுவந்த புதிய பிளான்களில் வரம்பை எடுத்துவிட்டது. மனம் திருந்தி எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஃபைபர்காரர்களிடமும் 5ஜி வீட்டு இணைப்புக்காரர்களிடமும் வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருந்தது. வேறு கடை இருக்கிற தெருவில் மீட்டர் தங்குவதில்லை.

அந்த விளையாட்டை மகள் அழித்துவிட்டாள். அடுத்த மாதம் 22ஆம் தேதி அதே குறுஞ்செய்தி வந்தது. இந்த முறை நான் வீட்டில் யாரையும் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன்: எந்த நாள், எந்த மணி, எத்தனை ஜிபி, விவரம் தாருங்கள். மொத்தக் கணக்கு மட்டுமே தர முடியும் என்று பதில் வந்தது. விவரம் கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.