மூன்று நிபந்தனைகளைக் கடைசியில் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைய காணொளி ஆசிரியர்களுக்கானது. கோள்கள் பாடம் வந்தாலே, கோளுக்கான மூன்று நிபந்தனைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. விதி எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது என்று தெரியாத பிள்ளைக்கு அந்த விதியால் என்ன பயன்? முதலில் அவர்கள் வாதாடட்டும்.

இந்த அட்டைகளைப் பாருங்கள், கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். எதிலும் பெயர் இல்லை. இதில் 'விட்டம் 5,268 கிலோமீட்டர், உருண்டை வடிவம்' என்றிருக்கிறது. அடுத்ததில் 'விட்டம் 4,880 கிலோமீட்டர், உருண்டை வடிவம்'. எது கோள் என்று கேளுங்கள். பெரியதைத்தான் பலரும் எடுப்பார்கள். பின்பக்கம் திருப்பினால், பெரியது வியாழனைச் சுற்றும் கனிமீடு, சிறியது புதன். அளவு மட்டும் போதாது, எதைச் சுற்றுகிறது என்பதும் முக்கியம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சீரிஸின் அட்டை. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலிய வானியலாளர் பியாஸி கண்டுபிடித்தது. சூரியனைத்தான் சுற்றுகிறது, ஆகவே கோள் என்றார்கள். பிறகு பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று அதே வட்டாரத்தில் வரிசையாக அகப்பட்டன. 1845-க்குப் பிறகு எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகவும், இவையெல்லாம் தனி இனம் என்று சிறுகோள்களாக ஒதுக்கினார்கள். சீரிஸ் மாறவில்லை, அதன் சுற்றம் நமக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான்.

புளூட்டோவின் கதையும் அதேதான். 1930-இல் கண்டுபிடித்தபோது பூமியளவு நிறை இருக்கும் என்று நம்பினார்கள். 1978-இல் அதன் துணைக்கோள் சாரோன் தென்பட்டதும், அது சுற்றும் விதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பூமியின் நிறையில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்குதான். 1992 முதல் அதே பகுதியில் வேறு பொருள்கள் வரிசைகட்டின. 2005-இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ், புளூட்டோவைவிட நிறை மிகுந்தது. புளூட்டோ கோள் என்றால் ஏரிஸ் ஏன் இல்லை? இந்தக் கேள்வியை வகுப்பில் அப்படியே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

அதன் பிறகுதான் 2006 ஆகஸ்ட் 24, பிராக் நகரம், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வாக்கெடுப்பு. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையில் தவறியதால்தான் புளூட்டோ கோள் இல்லை என்றானது. அதில்தான் பிள்ளைகள் மடக்குவார்கள். "புளூட்டோ நெப்டியூனின் பாதைக்குள் வந்துபோகிறதே, அப்படியானால் நெப்டியூனும் கோள் இல்லையா?" அருமையான கேள்வி, தயவுசெய்து அடக்கிவிடாதீர்கள். நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது நெப்டியூனின் ஈர்ப்பு. நெப்டியூனின் நிறை புளூட்டோவைப்போல் ஏறத்தாழ 7,800 மடங்கு. அந்தத் தாளத்தால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குவதே இல்லை. பாதை காலியாக இருக்கிறதா என்பதல்ல கேள்வி, அங்கே யார் ஆட்சி நடக்கிறது என்பதுதான். 'துப்புரவு' என்ற சொல் இதைச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் கருத்து.

இந்த வரையறையை ஏற்காத விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். புளூட்டோவுக்கு விண்கலம் அனுப்பிய நியூ ஹொரைசன்ஸ் திட்டத்தின் தலைவர் ஆலன் ஸ்டெர்னே கடுமையாக எதிர்ப்பவர். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைவிட அது எப்படிப்பட்டது என்பதே முக்கியம் என்பது அவர் தரப்பு. இதையும் வகுப்பில் மறைக்காமல் சொல்லுங்கள். பிற விண்மீன்களைச் சுற்றுபவற்றுக்கு இந்த வரையறை பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாரோன் அட்டையை மட்டும் கடைசிவரை வெளியே எடுக்காதீர்கள். புளூட்டோவின் பாதி விட்டம் அதற்கு. இரண்டும் சுற்றிவரும் பொதுமையமோ புளூட்டோவுக்கு வெளியே, வெற்றிடத்தில் இருக்கிறது. அப்படியானால் எது எதற்குத் துணைக்கோள்? பிராக்கில் முதலில் வைத்த வரையறையின் வரைவில் சாரோனும் கோள்தான். உங்கள் மாணவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள், என்ன காரணம் காட்டினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.