கடலுக்கு மூச்சு முட்டிய காலம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டைனோசர் எப்படி அழிந்தது என்று கேட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட 'விண்கல் விழுந்தது' என்று பட்டென்று சொல்லிவிடும். சரிதான். 1980இல் அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரஸும் நிலவியலாளரான அவர் மகன் வால்டரும் இத்தாலியின் குப்பியோ ஊர்ப் பாறைகளுக்கு நடுவே இருந்த மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் காட்டினார்கள். நம் தரையில் அரிதான உலோகம் அது, விண்கற்களில் தாராளம். பிறகு மெக்சிகோவின் யுகடான் கரையோரம், அந்தக் கல் விழுந்த சுமார் 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம் புதைந்து கிடப்பதும் தெரியவந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

ஆனால் உயிர்களை வாரிக்கொண்டு போன பேரழிவுகள் ஐந்து. விண்கல்லை உறுதியாகக் கைகாட்ட முடிவது அந்தக் கடைசி ஒன்றில்தான். அதைவிடக் கொடியது 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் வந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டு, ஒன்பது போய்விட்டன. அப்போது வானத்திலிருந்து எதுவும் விழுந்ததற்கு நல்ல சான்று இல்லை.

சைபீரியாவில் தரை பிளந்து, நெருப்புக்குழம்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் வழிந்தது. வெறும் குழம்பு என்றால் பாதிப்பு அந்தப் பக்கத்தோடு போயிருக்கும். அது ஏறிவந்த வழியில் நிலக்கரியும் உப்பும் சுண்ணாம்புக் கல்லும் படிந்திருந்தன. அவை வெந்து, கரியமில வாயுவையும் மீத்தேனையும் கக்கின. வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறியது.

நீர் சூடானால் அதில் ஆக்சிஜன் அவ்வளவாகத் தங்காது. இதைப் பார்க்க சைபீரியா போக வேண்டாம். சித்திரை, வைகாசியில் நீர் வற்றிப் பச்சையாகக் கிடக்கும் நம்மூர்க் குளம் எதன் கரையிலாவது விடியற்காலையில் போய் நில்லுங்கள். ஜிலேபிக் கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. வெயில் ஏறி அதுவே மறுபடி ஆக்சிஜன் விடும்வரை தாங்காத மீன் வயிற்றைக் காட்டி மிதக்கும். அடிச்சேற்றைக் கம்பால் கிளறினால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. பெர்மியன் கடலின் பெரும்பரப்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இந்த நிலையில் கிடந்தன.

அதோடு நிற்கவில்லை. கரியமில வாயு கரையக் கரைய நீரில் அமிலம் ஏறியது. சுண்ணாம்பில் ஓடு கட்டும் உயிர்களுக்கு அதுதான் பெரிய அடி. தூத்துக்குடி மீனவர்கள் 'பார்' என்று சொல்கிறார்களே, அந்தப் பவளப்பாறை. அதைக் கட்டும் பவளங்கள் பழைய குலத்தைச் சேர்ந்தவை அல்ல. பழைய குலங்கள் பெர்மியனோடு பூண்டற்றுப் போயின. மறுபடி பவளங்கள் பார் கட்டத் தொடங்கக் கிட்டத்தட்ட ஒரு கோடி ஆண்டுகள் ஆயின.

மற்ற மூன்று பேரழிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி பெருகி, கடல் வற்றி இறங்கியது. அதற்கு அடுத்து வந்த டெவோனியன் காலத்து அழிவுக்கு, புதிதாக வேர்விட்ட காடுகளிலிருந்து சத்து கரைந்து கடலுக்கு ஓடியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 20 கோடி ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக் பிளக்கும் நேரத்தில் மறுபடி நெருப்புக்குழம்பு, மறுபடி வாயு. டைனோசர் காலத்திலும் மகாராஷ்டிரப் பக்கம் தக்காணக் குழம்பு வழிந்துகொண்டுதான் இருந்தது. அழிவில் அதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கிரஷர் ஜல்லியில் எலும்பு தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பொதிகை மலைக் கல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்தது. அதில் எலும்பு கிடைக்காது. அரியலூருக்குப் போங்கள், டைனோசர் காலத்துக் கடல் சிப்பிகள் அங்கே மண்ணிலேயே கிடக்கின்றன.

இனி நம் காலத்துக்கு வருவோம். எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு வேகத்தில் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மெதுவாக ஏறினால் உயிர்கள் இடம் மாறும், பழகிக்கொள்ளும். தொழிற்சாலைகள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு சேரும் வேகம் பெர்மியனைவிட அதிகம் என்றே பல கணக்குகள் சொல்கின்றன.

மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏற்றிய காலம் உண்டு. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. நாளடைவில் கல்லெடுப்பு நின்றது. ஆனால் 2016 கோடையில் கடல்நீர் சூடேறி, யாரும் கை வைக்காமலே அந்தப் பார்கள் வெளுத்தன. சில தேறின. சில தேறவில்லை.

நன்றி, வணக்கம்.